மூன்றாம் மாடிக்கு ஒரு போத்தல்

வருடத்துக்கு ஒரு பெரிய போத்தலாக, ஐந்து வருடம் ஒரு மனுசி எனக்கென்று காய்ச்சித் தந்த அப்பிளை நான் குசினித் தொட்டியில் ஊற்றிக் கழுவி விட்டிருக்கிறேன். என் கணவரைத் தவிர வேறு யாருக்கும் இதைச் சொன்னதில்லை. அவருக்கும் நானாகச் சொல்லவில்லை. அகப்பட்டுக்கொண்டதால் சொன்னேன்.

அந்த மனுசி எங்களுக்கு நேர் கீழே, இரண்டாம் மாடியில் இருக்கிறார். பெயர் வேண்டாம். நான் நேரில் அழைப்பதும் மதாம் என்றுதான். எழுபது வயதைத் தாண்டியவர், தபால் கந்தோரில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். கூட இருப்பது ஒரு சாம்பல் நிறப் பூனை மட்டும். பூனையைப் பற்றிப் பிறகு சொல்கிறேன். பல வருடமாகப் பழியெல்லாம் அதன் தலையில்தான் போட்டு வைத்திருந்தேன்.

பாரிஸில், ரூ பஜோல் என்கிற தெருவுக்குப் பக்கத்துத் தெருவில் இந்த வீட்டுக்கு நாங்கள் குடிவந்தபோது மகள் கைக்குழந்தை. லிஃப்ட் இல்லாத கட்டடம். ஒரு நாள் தள்ளுவண்டியோடு படியில் நான் திண்டாடிக்கொண்டிருக்க, கேட்காமலே ஒரு கை வந்து முன் சில்லுகளைப் பிடித்துத் தூக்கியது. அன்றிலிருந்து மதாம் எனக்குப் பழக்கம். பிறகு கடிதங்கள் தொடங்கின. ஜன்னல் வைத்த கடித உறையைக் கண்டாலே எனக்குப் பயம். விசா கொடுக்கிற பிரிஃபெக்சரிலிருந்து வந்தாலும் சரி, மின்சாரக்காரரிடமிருந்து வந்தாலும் சரி, உடைக்காமல் அப்படியே எடுத்துக்கொண்டு கீழே போவேன். மதாம் கண்ணாடியை மாட்டிக்கொண்டு தன் குசினி மேசையில் வைத்து வாசிப்பார். பதிலையும் அவரே எழுதி, கையெழுத்துப் போட வேண்டிய இடத்தை விரலால் தொட்டுக் காட்டுவார். எங்களுக்கு விசா நீண்டதும், பிள்ளைக்கு உதவிப்பணம் வந்ததும் அந்த மேசையில்தான்.

அந்த மேசையில் நான் ஒரு மிடறு தண்ணீர் குடித்ததில்லை.

கோப்பி ஊற்றுவார், அப்பிள் தார்த் சுட்டிருந்தால் ஒரு துண்டு வெட்டி வைப்பார். "இன்று விரதம், மதாம்" என்பேன். செவ்வாய், வெள்ளி என்றால் அது உண்மை. மற்ற நாட்களில் பொய். "உங்கள் தெய்வங்களுக்கு உங்கள் மேல் அப்படி என்ன கோபம்? இப்படிப் பட்டினி போடுகிறார்களே" என்று சிரிப்பார். நானும் சிரிப்பேன். அவர் அதை விளையாட்டாக விட்டுவிடவில்லை. விரத நாளில் சாப்பாட்டை நீட்டி என்னைச் சங்கடப்படுத்தக் கூடாது என்று, சுவரில் தொங்கிய தபால்காரர் கலண்டரில் என் விரதங்களைக் குறித்து வைத்தார். செவ்வாய்க்கும் வெள்ளிக்கும் சிறு வட்டம். புரட்டாதிச் சனிகளை என்னிடம் கேட்டு, அவற்றுக்கும் வட்டம். அந்த வட்டங்களைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு ஒரு மாதிரி இருக்கும். ஆனாலும் அடுத்த முறை வேறு கிழமையில் போய் மறுபடி விரதம் என்பேன். அவர் மறுபேச்சுப் பேசாமல் கோப்பையை எடுத்து வைப்பார்.

முதல் தீபாவளிக்கு ஒரு தட்டில் முறுக்கும் பயற்றம்பணியாரமும் கொண்டுபோய்க் கொடுத்தேன். மறுநாள் தட்டு பளபளவென்று கழுவித் திரும்பி வந்தது, வெறுமையாக. என் முகம் போன போக்கைப் பார்த்துவிட்டு என்ன என்று கேட்டார். எனக்குத் தெரிந்த அரைகுறைப் பிரெஞ்சில் விளக்கினேன்: எங்கள் ஆட்கள் பாத்திரத்தை வெறுமையாகத் திருப்பிக் கொடுப்பதில்லை. ஒரு தேசிக்காயாவது, ஒரு பிடி அரிசியாவது போட்டுத்தான் கொடுப்போம். வெறும் பாத்திரம் வந்தால் உங்களோடு இனிப் பழக விருப்பமில்லை என்று அர்த்தம். மதாம் பதறிப் போனார். என் கையிலிருந்து தட்டைப் பறிக்காத குறையாக வாங்கிக்கொண்டு கீழே ஓடி, இரண்டு வால்நட்டோடு மூச்சு வாங்க ஏறி வந்தார். அதன் பிறகு அவர் வீட்டிலிருந்து என் பாத்திரம் ஒரு தடவை கூட வெறுமையாக வந்ததில்லை. செஸ்ட்நட் வரும், உலர்ந்த திராட்சை வரும். வேறு ஒன்றும் அகப்படாத நாளில் ஒரே ஒரு சீனிக்கட்டி, பாத்திரத்தின் நடுவில் வெள்ளையாக உட்கார்ந்திருக்கும்.

ஓட்டோடு வந்த வால்நட்டை நான் தயங்காமல் உடைத்துத் தின்றேன் என்பதையும் இங்கே சொல்லிவிட வேண்டும். பச்சையாக வந்தால் பரவாயில்லை, சமைத்து வந்தால்தான் ஆகாது. இந்தக் கணக்கை எனக்கு யாரும் உட்கார்த்திச் சொல்லித் தரவில்லை. அது எனக்குள் ஏற்கெனவே இருந்தது.

செப்டெம்பர் முடிகிற நேரம் மதாம் நோர்மண்டியில் இருக்கும் தம்பியிடம் போய், இழுவைப்பை நிறைய அப்பிளோடு வருவார். கடையில் வரிசையாக மினுங்குகிற சாதி இல்லை. கோணல், புள்ளி, அங்கங்கே புழுத் துளை. அவற்றைச் சீவிக் கழித்து கொம்போத் காய்ச்சுவார். கொம்போத் பெரிய வித்தை ஒன்றும் இல்லை. அப்பிளைச் சிறு துண்டாக்கி, மெல்லிய நெருப்பில் அதுவாகக் கரையும்வரை விட்டு மசிப்பது. மதாம் அதில் எலுமிச்சைத் தோலும் நீளமான ஒரு வனிலாக் காயும் போடுவார். வாசனை படிக்கட்டு வழியாக ஏறி, எங்கள் கதவிடுக்கால் உள்ளே வந்து, நான் தாளிக்கிற கறிவேப்பிலையோடு கலந்து நிற்கும். ஒன்றிரண்டு நாளில் கதவு மணி அடிக்கும். கொக்கி வைத்த, வாய் அகன்ற கண்ணாடிப் போத்தல், அதில் ஒட்டிய ஒரு துண்டுத் தாள், அதில் அவருடைய சாய்ந்த எழுத்து: மூன்றாம் மாடிக்கு.

அதை நான் இரண்டு கையாலும் வாங்குவேன். கதவைச் சாத்துவேன். ஊற்றிவிடுவேன்.

குப்பைக்குள் போட்டால் முற்றத்துத் தொட்டியில் அவர் கண்ணில் பட்டுவிடும் என்று பயம். தண்ணீரோடு போனால் தடயம் இல்லை அல்லவா? அதனால்தான் குசினித் தொட்டி. பிறகு போத்தலை வெந்நீரில் கழுவி, துடைத்து, தேசிக்காய் ஊறுகாய் நிரப்பிக் கீழே கொண்டுபோவேன். பாத்திரத்தை வெறுமையாகத் திருப்பிக் கொடுக்கக் கூடாதே! அந்த ஊறுகாயை வெயில் இல்லாத ஊரில், வீட்டைச் சூடாக்குகிற றேடியேற்றர் மேல் காயவைத்து நாலு நாள் பாடுபட்டுச் செய்வேன். அவர் அதை உண்மையாகவே சாப்பிட்டார். முதல் வருடம் கண்ணில் நீர் வழிந்ததாம். அடுத்த வருடம் சீஸோடு சாப்பிடப் பழகிவிட்டாராம். மூன்றாம் வருடம், "இந்த முறை உப்பு கொஞ்சம் கூடிவிட்டது" என்று குறை சொல்லும் அளவுக்கு வந்துவிட்டார். பதிலுக்கு அவர் கொம்போத் எப்படி என்று கேட்டால் என்னிடம் ஒரே வாக்கியம்தான் இருந்தது: "மிக நன்றாக இருந்தது மதாம், எல்லோரும் விரும்பிச் சாப்பிட்டோம்."

மகளுக்குப் பேச்சு வந்த பிறகு ஒரு தடவை தொட்டிக்குப் பக்கத்தில் நின்று, "புர்குவா, அம்மா?" என்று கேட்டாள். ஏன் ஊற்றுகிறாய் என்று. "அது புளிச்சுப் போச்சு, பிள்ளை" என்றேன். அடுத்த வருடமும் புளித்துப் போனது.

இனிப் பூனை. மதாமின் பூனை மேசையில் ஏறி நடக்கும், அடுப்புப் பக்கம் போய்ப் படுக்கும். அந்த வீட்டுச் சாப்பாட்டில் பூனை மயிர் இருக்கும், அதனால்தான் எனக்கு அருவருப்பு என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். நல்ல காரணம்தான். ஆனால் நான் வேலை செய்வது ஒரு பள்ளிக்கூடக் கன்ரீனில். கையுறையைப் போட்டுக்கொண்டு மாட்டிறைச்சித் தட்டைத் தூக்குவேன், பன்றி அவித்த சட்டியைத் தேய்ப்பேன். அந்தக் கையோடு வந்து குளித்துவிட்டு விளக்கு ஏற்றுவேன். எனக்கு ஒன்றும் ஆகவில்லை. சம்பளத்துக்குத் தீட்டில்லை போலும். மாட்டிறைச்சி அவித்த பாத்திரத்தில் காய்ச்சியிருப்பாரோ என்ற ஐயம் மதாமின் அப்பிளில் மட்டும்தான் எனக்கு வந்தது.

ஐந்தாம் வருடம் போத்தல் ஒரு வெள்ளிக்கிழமை பின்னேரம் வந்தது. மறுநாள் புரட்டாதிச் சனி. காலையில் தலைமுழுகி, எள்ளெண்ணெய் விளக்கு வைத்து, காகத்துக்குச் சோற்றை ஜன்னல் விளிம்பில் வைத்தேன். அதை எங்கள் லா சப்பல் வட்டாரத்துப் புறாக்கள் கூட்டமாக வந்து தின்றன. மனமெல்லாம் ஒரே பக்தி. அந்தப் பக்தியோடு போத்தலின் கொக்கியைக் கழற்றி, முழுவதையும் தொட்டியில் கவிழ்த்து, குழாயைத் திறந்துவிட்டேன். தண்ணீர் களக் களக் என்று சத்தம் போட்டு இறங்கியது. வனிலாக் காய் மட்டும் வடிதட்டில் சிக்கி நின்றது. போத்தலைக் கழுவிக் கவிழ்த்து வைத்தேன்.

ஐந்து நிமிடம் கூட இருக்காது, கதவு மணி.

மதாம் ஏப்ரனோடும் வீட்டுச் செருப்போடும் நின்றார். "தண்ணீரைத் திறக்காதீர்கள். கீழே குழாய் அடைத்திருக்கிறது. உங்கள் தண்ணீரெல்லாம் என் தொட்டியில் மேலே வருகிறது" என்று சொல்லிக்கொண்டே என்னைத் தாண்டி உள்ளே வந்தார். என் குழாய் சரியாகப் பூட்டியிருக்கிறதா என்று பார்க்க நேரே குசினிக்குள் போனார். எத்தனையோ தரம் வந்திருக்கிறார், முன்னறையில் இருத்தித்தான் தேத்தண்ணி கொடுத்திருக்கிறேன். என் குசினிக்குள் அவர் கால் வைத்தது அன்றுதான். அந்த நேரத்தில் என் மனதில் முதலில் ஓடியது என்ன தெரியுமா? ஐயோ, சனிக்கிழமையும் அதுவுமாய்ச் செருப்போடு வந்துவிட்டாரே என்பது. வெட்கமாக இருக்கிறது, ஆனால் அதுதான் ஓடியது.

பிறகுதான் அவருடைய தொட்டியில் மேலே வந்தது என்ன என்பது எனக்கு உறைத்தது.

அவர் குழாயைப் பார்த்தார். கவிழ்த்து வைத்திருந்த போத்தலைப் பார்த்தார். ஈரமான தாளில் அவர் எழுத்து மை கசிந்திருந்தது. வடிதட்டில் கிடந்த வனிலாக் காயைப் பார்த்தார். வாயை மூடிக்கொண்டு நின்றிருக்கலாம் நான். "பழுதாகிப் போயிற்று, மதாம்" என்றேன்.

"நேற்றுத்தான் காய்ச்சினேன்" என்றார் அவர். கோபமாகச் சொல்லவில்லை. நாள் எனக்கு மறந்துவிட்டதோ என்பது போலச் சொன்னார்.

அதற்குப் பிறகு அவர் செய்ததை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு உடம்பு கூசுகிறது. வனிலாக் காயை இரண்டு விரலால் எடுத்தார். ஏப்ரன் நுனியால் மெதுவாகத் துடைத்தார். "இது காய்ந்தால் இன்னொரு தடவைக்கு உதவும்" என்று சொல்லிப் பையில் போட்டுக்கொண்டார். குழாய்க்காரருக்கு நானே தொலைபேசுகிறேன் என்று சொல்லிவிட்டுப் படியிறங்கினார்.

பின்னேரம் வேலையால் வந்த கணவர் குசினி வாசலில் நின்றபடி எல்லாவற்றையும் கேட்டார். அவரும் ஒரு பிரெஞ்சு உணவகத்தில் சமையற்காரர்தான்.

"நீர் என்ன சொன்னனீர்?"

"பழுதாப் போச்செண்டு சொன்னன்."

"நேற்று வந்த சாமான் இண்டைக்குப் பழுதாப் போகுமே? பொய் சொல்லுறதெண்டாலும் பொருந்தச் சொல்ல வேணும்."

"உங்களுக்கு என்ன, எல்லாம் திண்டு பழகின ஆள். அந்த மனுசியின்ரை பூனை…"

"பூனையை விடும். உம்மடை வீட்டிலை கூலிக்கு வாற ஆக்களுக்கு வேலியிலை சிரட்டை கொழுவி வைச்சிருந்தவை. தேத்தண்ணி அதிலைதான். நான் கலியாணத்துக்கு வரேக்கையும் பாத்தனான். நீர் அதைப் பாரிஸுக்குக் கொண்டு வந்திட்டீர், அவ்வளவுதான்."

சட்டியை நிலத்தில் போட்டு உடைக்காத குறை. அவரோடு மூன்று நாள் பேசவில்லை. அவர் சொன்னது பொய்யென்றால் எனக்கு இவ்வளவு கோபம் வந்திருக்காது.

மதாம் படியில் கண்டால் வழக்கம்போல் போன்ஜூர் சொன்னார். பிள்ளையின் படிப்பை விசாரித்தார். கடிதங்களைத் தூக்கிக்கொண்டு அவரிடம் போக எனக்கு முகம் இல்லை. ரூ லூயி-பிளாங்கில் விமானச்சீட்டு விற்கிற ஒரு அண்ணையிடம் கொண்டுபோனேன். போத்தல் என்னிடமே தங்கிவிட்டது. ஊறுகாயை நிரப்பிக் கொடுக்க மனம் கூசியது. வெறுமையாகக் கொடுக்கவும் முடியாது. ஒரு வருடம் அது அலுமாரிக்குள் அரிசிப் பைக்குப் பின்னால் இருந்தது. அரிசி எடுக்கும்போதெல்லாம் முழங்கையில் முட்டும்.

போன வருடம் செப்டெம்பரில் மறுபடி அந்த வாசனை படியேறி வந்தது. கதவு மணி அடிக்கவில்லை. ஒரு கிழமை காத்திருந்தேன். பிறகு ஞாயிற்றுக்கிழமைச் சந்தையில் இரண்டு கிலோ அப்பிள் வாங்கினேன், கோணலாக இருந்தவற்றைப் பார்த்துப் பொறுக்கினேன். கன்ரீன் சமையற்காரியிடம் கேட்டால், தண்ணீர் விடாதே, மூடி வை, அவசரப்படாதே என்றாள். நான் அவசரப்பட்டேன், அடிப்பிடித்தது. இரண்டாம் தடவை சீனி கூடி, கொம்போத் அல்வா பதத்துக்குப் போனது. அதைக் கடையில் வாங்கிய மாவில் பரப்பி, மேலே அப்பிள் சீவல் அடுக்கித் தார்த் சுட்டேன். ஓரம் கருகினாலும் மகளும் கணவரும் ஒரே இருப்பில் முடித்தார்கள். மூன்றாம் தடவைதான் சரியாக வந்தது. வனிலாவும் எலுமிச்சைத் தோலும் மறக்காமல் போட்டிருந்தேன். பதம் பார்க்க ஒரு கரண்டி வாயில் வைத்தேன். கன்ரீனில் ஆயிரக்கணக்கான கிண்ணத்தில் அள்ளி ஊற்றியிருக்கிறேன், தின்றது அதுதான் முதல் தடவை. சூடு, மெல்லிய புளிப்பு, அதற்குப் பின்னால் வனிலா. அழுகை வந்தது என்று எழுதினால் அழகாக இருக்கும். வரவில்லை. இதையா ஐந்து வருடம் ஊற்றினாய், மூதேவி என்று என் மேல் எனக்கு ஆத்திரம்தான் வந்தது.

மன்னிப்புக் கேட்பதற்கு ஒரு பிரெஞ்சு வாக்கியத்தை வேலைக்குப் போகும் மெத்ரோவில் பத்து நாள் பாடமாக்கினேன். நான் ஒரு தடவையும் சாப்பிடவில்லை, உங்களிடம் பொய் சொன்னேன், என்னை மன்னியுங்கள். இவ்வளவுதான். ஒரு வியாழக்கிழமை, நேரமாக வீட்டுக்கு வந்த நாள், போத்தலை நிரப்பி எடுத்துக்கொண்டு இறங்கினேன்.

மதாம் கதவைத் திறந்தார். போத்தலைப் பார்த்ததும் அவர் முகம் மலர்ந்தது. உண்மையாகவே மலர்ந்தது, அதை நான் கற்பனை செய்யவில்லை. "நீங்கள் செய்ததா? நீங்களா?" என்று கையைப் பிடித்து உள்ளே கூட்டிப்போனார். அதே மேசை. சுவரில் அந்த வருடத்துப் புதுக் கலண்டர். அதிலும் செவ்வாய்க்கும் வெள்ளிக்கும் வட்டம் போட்டிருந்தது. ஒரு வருடமாக நான் அந்த வீட்டுப் பக்கமே போகவில்லை. ஆனாலும் வட்டம் போட்டிருந்தார்.

மூடியைத் திறந்து மணந்து பார்த்தார். "வனிலா!" என்றார். இரண்டு கிண்ணம் எடுத்தார், இரண்டு கரண்டி எடுத்தார். "வாருங்கள், சேர்ந்து சாப்பிடுவோம்" என்றார். பூனை மேசையில் ஏறி, கிண்ணங்களைச் சுற்றி ஒரு நடை நடந்து, என் கரண்டியை முகர்ந்தது. பாடமாக்கிய வாக்கியம் என் வாயில் தயாராக இருந்தது. வாயைத் திறந்தேன்.

"இன்று விரதம், மதாம்" என்றேன்.

நான் சொல்லவில்லை, அது தானாக வந்தது என்று சொல்லித் தப்பிக்கலாம். ஆனால் என் நாக்கு வேறு யாருடையதுமல்ல.

மதாம் திரும்பிக் கலண்டரைப் பார்த்தார். "வியாழக்கிழமையுமா?" என்று கேட்டார்.

"ஆம்" என்றேன்.

அவர் ஒரு கிண்ணத்தை எடுத்து அலுமாரியில் வைத்தார், ஒரு கரண்டியை இழுப்பறையில் போட்டார். "நன்றி, மிக நன்றாக இருக்கும்" என்றார். போத்தலில் இருந்ததை அவர் இன்னும் தொடவில்லை. வாசல்வரை வந்து வழியனுப்பினார். என் வாக்கியத்தை நான் சொல்லவே இல்லை. மூன்றாம் மாடிக்கு ஏறி வந்து, குசினியில் நின்று, ஒரு பிழையும் இல்லாமல் அதைச் சுவருக்குச் சொன்னேன்.

இரண்டு கிழமை கழித்து, வேலையால் வந்தபோது கதவடியில், கால்துடைப்பான் மேல் போத்தல் இருந்தது. மணி அடித்துத் தரவில்லை, வைத்துவிட்டுப் போயிருந்தார். நன்றாகக் கழுவி, துடைத்து, பழைய தாளைச் சுரண்டி எடுத்திருந்தார். அவர் அதைச் சாப்பிட்டாரா, தொட்டியில் ஊற்றினாரா என்று எனக்குத் தெரியாது. இனிக் கேட்கவும் முடியாது. படிக்கட்டு விளக்கு அணைந்துவிட்டது. பொத்தானை அழுத்தி மறுபடி ஏற்றினேன். கொக்கியைக் கழற்றி, வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பார்த்தேன். பிறகும் நம்பாமல் கையை உள்ளே விட்டு அடிவரை துழாவினேன். ஒரு சீனிக்கட்டி கூட இல்லை.